தட்டுக்காரி சொன்ன காரணங்கள்

2005 அக்டோபர் 10, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். கடல் பக்கம் கறுத்த மேகம், ஊர்ப் பக்கம் வெயில், காற்று துளிகூட இல்லை. அந்த நேரத்தில் என் மனைவியின் இடது கண்ணின் படம் மரக்காணத்திலிருந்து ஆகாயத்துக்குப் போனது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஊர்ந்து முடிந்தது. நூற்றுப் பதினெட்டு நொடி. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

“போயிடுச்சுங்க ஐயா” என்று படத்தை அனுப்பியவள் ஆள்காட்டி விரலை உயர்த்தி மேலே காட்டினாள்.

அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது ஒன்று. ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது இன்னொன்று. தட்டுக்காரி என்பார்கள். உப்பளத்து ஓரம் பழைய எடைக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் அறை. அதன் மொட்டைமாடியில் நான்கடி அகலத்தில் ஒரு வெள்ளைத் தட்டு, வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். 2004 செப்டம்பரில் வெளியூர் அறக்கட்டளை ஒன்று அதை வைத்தது. போன் கம்பி வழியாக இன்டர்நெட் கொடுக்க முதலில் பார்த்தார்கள். எங்கள் மண்ணில் கம்பி தாங்காது. உப்புத் தண்ணீர் மூன்று மாதத்தில் இணைப்பைத் தின்றுவிடும். அதனால்தான் ஆகாய வழி. அந்த அறையை நடத்துவதற்கு அவளைத் தேர்ந்தெடுத்து, பட்டணத்தில் இருபத்தொரு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பிளஸ் டூ படித்துவிட்டுப் பன்னிரண்டு வருடம் உப்பு சுமந்தவள். குதிகால் வெடிப்பில் வெள்ளையாக உப்பு ஏறிப்போயிருக்கும். சேரில் உட்கார்ந்தால் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள். அந்த இருபத்தொரு நாளில் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வரியைக்கூட அவள் மறக்கவில்லை. எது கேட்டாலும் காரணம் சொல்வாள். தெரியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அவள் சொன்ன காரணங்கள் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எல்லாம் உண்மை. அதுதான் அவளிடம் எனக்கிருந்த தொல்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் உப்பு மூட்டை எண்ணியவன். லாரியில் மூட்டை ஏறும்போது பக்கத்தில் நின்று நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் வேலை, முப்பத்தெட்டு வருடம். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. எரியாத தெருவிளக்கு எத்தனை, நேரம் தவறிய பஸ் எத்தனை என்று எண்ணி மேலிடத்துக்கு மனு அனுப்புவேன். மனுவை அவள்தான் தட்டச்சு செய்து அனுப்புவாள்.

“ஐயா எண்ணாம ஒரு கொசு கூட இந்த ஊர்ல கடிக்க முடியாது” என்பாள்.

முதல் சண்டை தூரத்தைப் பற்றி.

“எவ்ளோ ஒசரம் போவுது?” என்று கேட்டேன்.

“முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருங்க. அங்க சாட்டிலைட் நிக்குது. நாம சுத்தற வேகத்துலயே அதுவும் சுத்தறதால நமக்கு நிக்கற மாதிரி இருக்குது.”

“அங்கேர்ந்து நேரா பாண்டிச்சேரிக்கு எறங்கிடுமா?”

“எறங்காதுங்க. ஹப்புன்னு ஒண்ணு இருக்குது, பெரிய தட்டு, வேற ஊர்ல. எல்லாத் தட்டும் அது கிட்டதான் பேசும். அது வாங்கித்தான் உரியவங்களுக்கு அனுப்பும்.”

“நாலு கிலோமீட்டர்ல அடுத்த ஊர்ல இதே மாதிரி தட்டு வெச்சிருக்காங்களே, அது கூட?”

“அது கூடவும்தான். ரெண்டு தட்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்காது.”

அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு பஞ்சாயத்து வழியாக மட்டும் பேசிக்கொள்ளும் அண்ணன் தம்பி மாதிரி. நான் கூட்டிப் பார்த்தேன். இங்கிருந்து மேலே முப்பத்தாறாயிரம், அங்கிருந்து ஹப்புக்கு முப்பத்தாறாயிரம். பதில் வர மறுபடி அதே. ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். பாண்டிச்சேரிக்கு எங்கள் ஊரிலிருந்து முப்பத்து நாலு கிலோமீட்டர்.

“இதுக்கு நடந்தே போயிட்டு வந்துடலாம் போலருக்குதே.”

“நடங்க ஐயா, யாரு வேணாம்னது? அரை செகண்டுல திரும்பிடுங்க, மனு டைப் அடிக்கணும்.”

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

அந்த அரை நொடி ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பஜார் தெரு துணிக்கடைக்காரரின் மருமகள் வாரம் ஒரு நாள் வந்து வளைகுடாவில் இருக்கும் கணவரோடு கம்ப்யூட்டரில் பேசுவாள். இவள் பேசியது மேலே போய்க் கீழே இறங்கி அங்கே சேர்ந்து, பதில் அதே வழியாகத் திரும்பி வரவேண்டும். வழியில் கம்ப்யூட்டர்கள் எடுக்கும் நேரமும் சேர்ந்து, நான் எண்ணியபடி ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒன்றரை நொடி. அந்த மனிதருக்கு அது தெரியாது. வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவர் கேட்கிறார், மனைவி தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதாக அவர் காதில் விழுகிறது. ஆறாவது வாரம் அவர் கத்தினார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

“இன்னா யோசிக்கிற? கேட்டா ஒடனே சொல்ல மாட்டியா? எதை மறைக்கிற?”

அந்தப் பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். தட்டுக்காரி எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினாள்.

“பாய், நான் சென்டர்காரி பேசறேன். உங்க வீட்டம்மா ஒடனேதான் சொல்றாங்க. அது மேல போயிட்டு வர்ற நேரம். நம்பலைன்னா இப்போ ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, நானும் எண்ணறேன். ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துப் போவுதுன்னு பாருங்க.”

இருவரும் எண்ணினார்கள். அவர் மூன்று சொல்லும்போது இங்கே அவள் ஐந்தில் இருந்தாள். ஐந்தாறு முறை எண்ணி அலுத்து, கடைசியில் அந்த மனிதர் சிரித்துவிட்டார். “மாஃப் பண்ணிக்கோம்மா” என்று மனைவியிடம் சொன்னார். அதுவும் ஒன்றரை நொடி தாமதமாகத்தான் வந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. அவளை எல்லாரும் மெச்சிக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

திங்கள், வியாழன் இரண்டு நாளும் அவள் மாடிக்கு ஏறித் தட்டைக் கழுவுவாள். வெளிச்சுவரில் இரும்பு ஏணி. பதினான்கு படி, ஏழாவது துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் நல்ல தண்ணீர் வாளியோடு, இல்லாத படியைத் தாண்டிப் போவாள். தட்டின் மேல் உப்புத் தூசி படியும். எதிரே நீட்டியிருக்கும் கை மாதிரியான கம்பியின் நுனியில் உள்ள மூக்கிலும் படியும். “அந்த மூக்குதான் பேசுது, கேக்குது. அது முன்னாடி காக்கா உக்காந்தாலே ஏறிப் போயி வெரட்டிடுவேன்” என்பாள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் போன் எல்லாம் செத்துக் கிடந்தபோது மூன்று நாளும் பேட்டரியில் ஓடியது அந்தத் தட்டு ஒன்றுதான். அவள் அறையை விட்டு அசையவில்லை. அதன் பிறகு அந்தத் தட்டின் மேல் ஊருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை வந்தது சூரியன் விஷயத்தில்.

2005 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சொன்னாள்: “இன்னையிலேர்ந்து ஒரு வாரம், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எட்டு நிமிஷம் லைன் போயிடும். சூரியன் சாட்டிலைட்டுக்குப் பின்னாடி நேரா வந்து நிக்கும். அந்த இரைச்சல்ல இதோட பேச்சு காதுல விழாது.”

நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பதினொன்று நாற்பத்து மூன்றுக்குப் போனது. பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு வந்தது. மறுநாளும் அப்படியே. ஏழு நாள் போய்ப் பார்த்தேன். எட்டாம் நாள் அவள் சொன்னபடியே லைன் போவது நின்றுவிட்டது. பஸ்காரன், ரேஷன்கடைக்காரன், மின்சாரக்காரன் யாரும் இந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு எதையும் செய்ததில்லை. இவள் சூரியனுக்கு நேரம் சொன்னாள். முப்பத்தெட்டு வருடம் எண்ணியவன், அன்றோடு அவள் விஷயத்தில் எண்ணுவதை விட்டேன்.

அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி அடுப்புக்குச் சவுக்கு மிலாறு ஒடிக்கும்போது ஒரு குச்சி தெறித்து இடது கண்ணில் குத்தியது. மறுநாள் கண் சிவந்து நீர் கொட்டியது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, மிளகில் கால்வாசி.

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியோடு சென்டருக்கு ஏற்பாடு இருந்தது. கண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் டாக்டர் பார்த்துவிட்டு, வா என்றோ வரவேண்டாம் என்றோ எழுதுவார். அதுவரை பதினோரு பேர் அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பேரை வரவேண்டாம், சொட்டு மருந்து போதும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். படத்துக்குப் பத்து ரூபாய். திங்கட்கிழமை மாலை என் மனைவி இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்துக்கொள்ள, தட்டுக்காரி படம் எடுத்தாள். படிவத்தில் போன் நம்பர் கேட்டிருந்தது. எங்கள் வீட்டில் போன் இல்லை, கோடு போட்டேன்.

“நாளைக்கு ஆயுத பூஜை, மிஷினைத் தொட மாட்டோம். புதன்கிழமை காலைல மொத வேலையா பதிலைப் பாத்துடறேங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பூஜைக்குப் போனேன். கம்ப்யூட்டர், பிரின்டர், பேட்டரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். வாசலில் பூசணிக்காய். அவளும் வேறு ஒன்பது பெண்களும் இருந்தார்கள். எனக்கு ஒரு குறை கண்ணில் பட்டது. எனக்குக் குறைதான் கண்ணில் படும்.

“கீபோர்டுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டியேம்மா. நெசமா வேலை செய்யற ஆளு மேல நிக்குது. அதுக்கு ஒண்ணும் கிடையாதா?”

“காலைல கழுவி ஒரு பொட்டு வெச்சேங்க, முதுகுப் பக்கம்.”

“லாரிக்குக் கூட ரெண்டு வாழைக்கன்னு கட்டறான்.”

“மூஞ்சிக்கு முன்னாடி எதுவும் வரக் கூடாதுங்க ஐயா.”

“முன்னாடி யாரு கட்டப் போறா? ரெண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளிக் கட்டறேன். எனக்கு அளக்கத் தெரியாதா?”

அவள் சிரித்தாள். “ஐயா அளந்து கட்டினா அப்பீலே கிடையாது.”

என் வீட்டுப் பின்பக்கம் வாழை நிற்கிறது. இரண்டு கன்று வெட்டினேன். கடையில் சணல் கயிறு வாங்கினேன். அறுபத்தெட்டு வயதில் பதினான்கு படி ஏறி, இல்லாத ஏழாவதைத் தாண்டி, தட்டின் கம்பத்துக்கு இடமும் வலமும் கட்டினேன். மூக்குக்கும் இலைக்கும் நடுவில் கையால் அளந்து ஒரு முழம். கீழே பெண்கள் கைதட்டினார்கள்.

புதன்கிழமை காலை லைன் இல்லை.

நான் ஒன்பது மணிக்கு அங்கே இருந்தேன். அவள் மூன்று முறை மிஷினை அணைத்துப் போட்டாள். விளக்கு ஒன்று பச்சையாக எரியவேண்டியது, ஆரஞ்சில் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“சூரியன்தாங்க. இன்னும் முழுசா நகரலை போலருக்குது.”

“நீதானே ஒரு வாரம்னு சொன்ன?”

“சில தட்டுக்கு முன்னப்பின்ன ஆவும்னு க்ளாஸ்ல சொன்னாங்க. மத்தியானத்துக்கு மேல பாருங்க.”

மத்தியானம் வரவில்லை. சாயங்காலம் வரவில்லை. ஒன்பது மணிக்கும் ஐந்து மணிக்கும் சூரியன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்கவில்லை.

வியாழக்கிழமை மழை. வாரி முடித்த உப்பை மேடு கட்டி ஓலை போட்டு மூடியிருந்தார்கள். ஓலை மேல் அடித்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. “கெட்டி மழை சிக்னலை உறிஞ்சிடுங்க. விட்டதும் வரும்” என்றாள். அதுவும் உண்மை, மே மாதம் ஒரு மழையில் இரண்டு மணி நேரம் அப்படிப் போயிருக்கிறது.

அன்று வியாழன், அவள் ஏறிக் கழுவும் நாள். “மேல ஏறிப் பாக்கலையா?” என்று கேட்டேன்.

“மழையே கழுவிடுங்க ஐயா. ஏணி வழுக்கும்.”

அப்போது எனக்கு வாழைக்கன்று நினைவுக்கு வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, வந்தது. வெட்டிய கன்று மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்பது வீட்டில் வாழை வைத்திருப்பவனுக்குத் தெரியும். அவளுக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் ஐயா அளந்து கட்டியது என்று அவள் விட்டாள். தட்டுக்காரி காரணம் சொல்லிவிட்டாள் என்று நான் விட்டேன். கீழே நின்று பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கு மேல் தட்டின் விளிம்பு மட்டும் தெரியும். அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

“பஸ் ஏறிப் போயிடலாங்க. குத்துது, உள்ள ஊசி வெச்ச மாதிரி” என்றாள் மனைவி.

“பதில் வரட்டும். பதினோரு பேர்ல எட்டுப் பேரை வர வேணாம்னு சொன்னவங்க. லீவு கூட்டத்துல பஸ்ல நின்னுக்கிட்டுப் போயி, சொட்டு மருந்துன்னு திருப்பி அனுப்பிட்டா?”

“நான் பன்னெண்டாவது ஆளுங்க.”

விளக்கைத் தூக்கி அவள் கண்ணைப் பார்த்தேன். புள்ளி முழு மிளகாகி இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை இல்லை, லைனும் இல்லை. “ஹப்புல பூஜை லீவு முடிஞ்சு எல்லா ஊரும் ஒரே நேரத்துல கேக்கும். ஒவ்வொரு ஊருக்கும் துண்டு துண்டாத்தான் நேரம் கொடுப்பாங்க. நம்ம முறை வரணும்” என்றாள். என் மனைவியை அவளுக்குப் பிடிக்கும். குரல் தாழ்ந்திருந்தது. “பதில் மேல வந்து நிக்குதுங்க ஐயா. எறங்க வேண்டியதுதான் பாக்கி” என்று விரலைத் தூக்கினாள். நான் அந்த விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். எத்தனை பெரிய மடையன்!

சனிக்கிழமை, 15ஆம் தேதி, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மனைவியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் சென்டருக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஏணியில் ஏறினேன்.

இரண்டு கன்றும் துவண்டிருந்தன. இடது பக்கத்துக் கன்றின் பெரிய இலை முறிந்து, ஈரத்தோடு மூக்கின் மேல் கவிந்து ஒட்டிக்கொண்டிருந்தது, குழந்தை முகத்தில் துணியைப் போட்டு மூடியது போல. பிடித்து இழுத்தேன்.

கீழேயிருந்து அவள் கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷி கத்தி நான் கேட்டதில்லை.

“வந்துடுச்சுங்க ஐயா! பச்சை வந்துடுச்சு! எறங்குது!”

நான் இலையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் வந்து நின்றேன். அவள் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். இலையைப் பார்த்தாள். தூக்கிய விரல் பாதியில் நின்றது.

பதிலை அச்சிட்டுக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு டாக்டர் அனுப்பியது. நான் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த நேரம். நான்கு வரி. கருவிழியில் புண், கிருமி பிடித்திருக்கிறது, விடுமுறை என்று பார்க்காமல் இன்றே அழைத்து வரவும், ஒவ்வொரு நாளும் முக்கியம்.

பஸ்ஸில் போனோம். ஒன்றேகால் மணி நேரம். டாக்டர் சின்ன வயதுக்காரர், கோபப்படத் தெரிந்தவர். “செவ்வாய்க்கிழமையே வரச் சொன்னேனே. அஞ்சு நாளா என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். லைன் வரலை என்றேன். “பஸ் வந்துச்சு இல்ல?” என்றார்.

இருபத்தாறு நாள் மருந்து ஊற்றினார்கள். புண் ஆறியது. ஆறின இடம் வெள்ளையாகவே நின்றுவிட்டது. பகலா இரவா என்பது மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மனைவி சொன்னாள். “அந்தப் பொண்ண யாரும் ஒண்ணும் சொல்லாம பாத்துக்குங்க. கன்னு நம்மளுது.” அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

டாக்டர் அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறார். இரண்டு பேர் காரில் வந்தார்கள். சென்டரில் விசாரணை. ஊரார் பதினோரு பேர் சுவரோரம் நின்றோம். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஆறடி.

“நாலு நாள் லைன் இல்லை. ஏன் எங்களுக்குச் சொல்லலை?”

அவள் வெடித்த குதிகாலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என்னம்மா காரணம்? தட்டுல என்ன கோளாறு?”

அந்த ஒரு கேள்விக்கு அவளிடம் முழுப் பதில் இருந்தது. இலை, அதில் இருக்கும் தண்ணீர், மழை மாதிரி அது சிக்னலை உறிஞ்சுவது, அதைக் கட்டியது யார் என்பது. மூச்சு விடாமல் சொல்லக்கூடியவள். என்னை ஒரு முறை பார்த்தாள். ஒரே முறை.

“நான் ஏறிப் பாக்கலீங்க” என்றாள்.

“வேற ஏதாவது காரணம் உண்டா?”

“இல்லீங்க.”

நான் வாய் திறக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று நாற்பத்து மூன்று மனு எழுதியவன், ஆறடி தூரத்தில் நின்று, தரையில் பதித்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீளத்தில் பதினாறு, அகலத்தில் பன்னிரண்டு.

அவளை நிறுத்திவிட்டார்கள். புது ஆளுக்கு ஏறவும் தெரியவில்லை, கழுவவும் தெரியவில்லை. நான்கு மாதத்தில் உப்பு இணைப்பைத் தின்றது. 2006 பிப்ரவரியில் தட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

என் கோபம் அவள் மேல்தான். இதைப் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம், நினைத்துக்கொள்ளட்டும். அன்று அவள் என்னைக் கைகாட்டியிருந்தால் நான் மறுத்திருப்பேன். கத்தியிருப்பேன். ஒரு முழம் தள்ளிக் கட்டினேன் என்று அளந்து காட்டியிருப்பேன். இரண்டு பேருமாகப் பழியைப் பங்கு போட்டுக்கொண்டிருப்போம். கேட்காத கேள்விக்கெல்லாம் காரணம் சொன்னவள், கேட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு, முழுவதையும் என் தலையில் இறக்கிவிட்டுப் போனாள்.

மார்ச் மாதம் உப்பு வாருகிற சமயம் அவளைப் பாத்தியில் பார்த்தேன். 16ஆம் தேதி, வியாழக்கிழமை, வெயிலில் கண் கூசியது. தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை. வரப்பில் என்னைக் கண்டதும் கூடையை இறக்கினாள்.

“அம்மா கண்ணு எப்படிங்க இருக்குது ஐயா?”

“இடது தெரியலை.”

அதற்கு அவளிடம் ஒரு காரணமும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அன்னைக்கு ஏன் சொல்லலை?” என்று கேட்டேன். கேட்ட தொனியில் பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கட்டினது நீங்க. ஏறிப் பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கினது நானு. அவங்க கேட்டது என் வேலைய.”

“என் பேரைச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருந்தா அம்மாவுக்குக் கண்ணு வந்துடுமாங்க?” என்றாள். பிறகு, எப்போதும் போல, வானத்தைப் பார்த்தாள். விரல் உயர்ந்தது, நகத்தில் உப்பு. “மணி பன்னெண்டு இருக்குமா? தட்டு இருந்திருந்தா இப்போ லைன் போயிருக்கும் பாருங்க. மார்ச்லயும் ஒரு வாரம் மறைக்கும்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. நல்ல வார்த்தை ஒன்று சொல்லத்தான் போனேன். “உன் சூரியனும் நீயும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் கூடையைத் தூக்கிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. வானூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்தும் படுக்கையும் இலவசம். போகவர பஸ் செலவைச் சேர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமையே கிளம்பியிருந்தாலும் அது ஆகியிருக்கும். ஒரு கண்ணும் ஒருத்தியின் வேலையும் போவதற்கு நான் கையிலிருந்து கொடுத்தது இவ்வளவுதான்: படத்துக்குப் பத்து ரூபாய், சணல் கயிற்றுக்கு மூன்று ரூபாய். வாழைக்கன்று வீட்டில் இருந்தது. ஆகப் பதிமூன்று ரூபாய்.